'காலேஜ்' படத்துக்குத் தமிழ் டைட்டில் கார்டு எழுதிப் பார்த்தேன்

ஆறு ரீல் மௌனப் படம் ஒன்றை இரண்டு ரீலாகச் சுருக்க வேண்டும், காட்சிகளுக்கு நடுவே வசனத்தை எழுத்தில் காட்டும் டைட்டில் கார்டுகளைத் தமிழில் எழுத வேண்டும், மொட்டை மாடியில் ஒரு வேட்டியையே திரையாகக் கட்டிப் படம் போட வேண்டும். ஜனவரியில் நோட்டில் எழுதி வைத்தது இவ்வளவுதான். முடிய நான்கு மாதம் ஆனது.

படம் அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 'காலேஜ்'. 1927 செப்டம்பரில் வந்தது. அடுத்த மாதமே 'ஜாஸ் சிங்கர்' வெளியாகி, சினிமா பேசவும் பாடவும் தொடங்கிவிட்டது. 2023 தொடக்கத்தில் அமெரிக்காவிலும் இதன் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. புதிதாகச் சேர்த்த பின்னணி இசைக்கு யாருக்காவது உரிமை இருக்கலாம் என்பதால் இசையே இல்லாத பிரதியாகத் தேடி எடுத்துக்கொண்டேன்.

கதை சின்னது. ரொனால்டு (கீட்டன்) புத்தகப் புழு. பள்ளிப் பட்டமளிப்பு விழாவில் விளையாட்டைத் திட்டிப் பேசுகிறான். வகுப்பில் கூடப் படித்த மேரிக்குக் கோபம் வருகிறது. அவளுக்கு விளையாட்டு வீரன் ஜெஃப் மீது ஒரு கண். அவள் சேர்ந்த கல்லூரியிலேயே ரொனால்டும் போய்ச் சேர்கிறான். பெட்டியைத் திறந்தால் ஓடுவது எப்படி, பந்தாடுவது எப்படி என்று புத்தகங்கள். மைதானத்தில் இறங்கி ஒவ்வொரு விளையாட்டிலும் தோற்கிறான். கடைசியில் மேரியை அவள் அறையிலேயே ஜெஃப் அடைத்து வைக்க, அதுவரை தோற்ற அத்தனை விளையாட்டும் ரொனால்டுக்குக் கைகொடுக்கிறது. வேலிகளைத் தடை ஓட்டம் போலத் தாண்டுகிறான், குளத்தை நீளம் தாண்டுகிறான், துணி காயப்போடும் கொடிக்கு முட்டுக் கொடுத்த கம்பைப் பிடுங்கி, அதை ஊன்றி மாடி ஜன்னலுக்குள் பாய்கிறான்.

சுருக்குவது பாவம் இல்லையா என்று முதலில் தோன்றியது. ஆனால் அந்தக் காலத்திலேயே வீட்டில் 9.5 மி.மீ., 16 மி.மீ. அகல பிலிம் ஓட்டும் புரொஜெக்டர் வைத்திருந்தவர்களுக்காகப் பெரிய படங்களைச் சுருக்கி விற்றிருக்கிறார்கள், வாடகைக்கும் விட்டிருக்கிறார்கள். அந்த வழக்கத்தை நானும் தொடர்ந்தேன்.

முதல் இரண்டு வாரமும் வெட்டும் வேலைதான். பேஸ்பால் காட்சி முழுதும் போனது. சோடா கடை வேலையும் போனது. முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின ஊழியர் போல ரொனால்டு பரிமாறும் காட்சியை யோசிக்காமலே எடுத்தேன். அன்றைய அமெரிக்க மேடையில் அது சகஜம் என்று தெரியும். ஆனாலும் ஒரு சமூகத்தையே கேலிப்பொருளாக்கும் அந்தக் காட்சியைக் குழந்தைகள் முன் போட எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் வேகம். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 கட்டங்கள், அதாவது 16 தனித்தனிப் படங்கள். ஒரு ரீல் 1000 அடி என்றால் 16,000 கட்டங்கள். விநாடிக்கு 24 வீதம் ஓட்டினால் 11 நிமிடம், 18 வீதம் ஓட்டினால் 15 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. என் பிரதி மொத்தம் 66 நிமிடம் ஓடியது. ஆறால் வகுத்தால் ரீலுக்கு 11 நிமிடம் வருகிறது. அதாவது ஏறக்குறைய 24-ல் ஓட்டியிருக்கிறார்கள். மனிதர்கள் கொஞ்சம் துள்ளி நடப்பது போல் தெரிந்ததால் 20-க்குக் குறைத்துப் பார்த்தேன். காதல் காட்சிகள் அழகாக நிதானப்பட்டன. ஆனால் தடை ஓட்டம் செத்துவிட்டது. வரிசையாக எல்லாத் தடைகளையும் தட்டிவிட்டு, தப்பிய கடைசி ஒன்றைத் திரும்பிப் பார்த்து, அதையும் தள்ளிவிடுவான். அந்தத் திரும்பல் ஒரு நொடி தாமதித்தாலும் சிரிப்பு வரவில்லை. மறுபடி 24-க்கே போனேன்.

சரி, டைட்டில் கார்டு. இதற்குத்தான் இரண்டு மாதம் பிடித்தது.

நேரம் தான் முதல் சிக்கல். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு கார்டையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். பாட்டிக்குக் கண் தெரியாது, திரையிடும் அன்றும் அம்மாதான் அவருக்குப் படித்துக் காட்டப்போகிறார். அதனால் அம்மாவின் குரலையே கடிகாரமாக வைத்துக்கொண்டேன். மேரியின் முக்கியமான கார்டை முதலில் இப்படி எழுதியிருந்தேன்: "விளையாட்டைப் பற்றிய உன் எண்ணத்தை நீ மாற்றிக்கொண்டால், உன்னைப் பற்றிய என் எண்ணத்தை நானும் மாற்றிக்கொள்கிறேன்." மூலத்தின் கருத்து அப்படியே வந்துவிட்டது, ஆனால் அம்மாவுக்குப் படிக்க ஒன்பது விநாடி ஆனது. அதற்குள் மேரியின் கோபம் ஆறிவிடும். கடைசியில் நின்றது: "முதலில் மைதானத்துக்கு வா. அப்புறம் பேசலாம்." நான்கு விநாடி.

பட்டமளிப்புப் பேச்சு எழுதியது பெரிய சந்தோஷம். 'விளையாட்டு எனும் சாபக்கேடு' என்று தலைப்பு வைத்தேன். "அவையோர் அனைவர்க்கும் அடியேனின் பணிவான வணக்கங்கள்" என்று தொடங்கி, எதுகை மோனையோடு முழங்கவிட்டேன். பேச்சுப் போட்டியில் வருஷா வருஷம் முதல் பரிசு வாங்கும் பையன் எல்லாப் பள்ளியிலும் இருப்பான். படத்திலும் மழையில் நனைந்த கோட்டு, வெந்நீர்க் குழாய்ப் பக்கம் நின்றதில் சுருங்கிச் சுருங்கி ஏறிக்கொண்டே போகும். மேலே செந்தமிழ், கீழே முழங்கைக்கு ஏறிய கோட்டுக் கை. இரண்டும் பொருந்திப்போயின.

ஆனால் உண்மையில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. ரொனால்டு மேரியை 'நீ' என்று கூப்பிடுவானா, 'நீங்கள்' என்பானா?

ஆங்கிலத்தில் இந்தக் கேள்வியே எழாது. ஒரே சொல்லில் முடிந்துவிடும். தமிழில் தப்பிக்க முடியாது. பெயரை விட்டாலும், 'நீ'யை விட்டாலும், வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். ஒரே வகுப்பு என்பதால் முதலில் எல்லா இடத்திலும் 'நீ' போட்டேன். படித்தால் ரொனால்டுக்கு இல்லாத துணிச்சல் வந்துவிட்டது. ஜெஃபும் 'நீ' என்கிறான், இவனும் 'நீ' என்கிறான், அப்புறம் இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?

எல்லாவற்றையும் 'நீங்கள்' ஆக்கினேன். இப்போது அவன் வங்கி மேலாளரிடம் கடன் கேட்பது போல் இருந்தது.

மூன்றாவது வழி தற்செயலாக அகப்பட்டது. முன்னிலையே வராதபடி அவன் கார்டுகளை எழுதினேன். "இந்தப் பூ... மேரிக்கு." "நானும் அதே கல்லூரிதான்." "நாளைக்கும் மைதானத்துக்கு வருவேன்." எழுதிப் பார்த்த பிறகுதான் புரிந்தது, கூச்சப்படுகிறவர்கள் நம் ஊரில் இப்படித்தான் பேசுகிறார்கள். எதிரில் இருப்பவரை நேராகச் சுட்டாமல் சுற்றிச் சுற்றி வருவார்கள். கடைசி அறைக் காட்சியில் மட்டும் நானே ஒரு கார்டு சேர்த்தேன்: "உனக்கு ஒன்றும் ஆகவில்லையே?" படம் முழுக்க அவன் சொல்லும் முதல் 'உன்' அதுதான். மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று ஒரு வாரம் தடுமாறினேன். வைத்துக்கொண்டேன், இப்போதும் சரி என்றே நினைக்கிறேன்.

மற்றவர்கள் சுலபம். ஜெஃப் ரொனால்டை "டேய்" என்பான். ரொனால்டின் அம்மாவுக்கு அவன் "கண்ணு". தானும் ஒரு காலத்தில் புத்தகமே கதி என்று இருந்து ஒருத்தியை இழந்ததாகச் சொல்லும் கல்லூரி முதல்வர் அவனைத் "தம்பி" என்பார். படகுப் போட்டியில் அவனுக்குக் கிடைக்கும் பொறுப்புக்குச் 'சுக்கானி' என்று போட்டேன். பாதி வழியில் சுக்கான் கழன்றுவிட, அதைத் தன் இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்து படகைத் திருப்புகிறான். அங்கே கார்டே வேண்டாம்.

எழுத்துரு பற்றி ஒரு குறிப்பு. எடிட்டிங் மென்பொருளில் நேரடியாகத் தமிழ் அடித்தபோது கொம்பு தனியாகப் பிரிந்து நின்றது. ஒவ்வொரு கார்டையும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் படமாக்கிச் சேர்த்ததும் சரியானது. மொத்தம் 23 கார்டுகள்.

ஜன்னலுக்குள் பாயும் காட்சியைக் கட்டம் கட்டமாக நகர்த்திப் பார்த்தேன். கம்பூன்றித் தாண்டுவது கீட்டன் இல்லை, லீ பார்ன்ஸ். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 17 வயதில் அதே விளையாட்டில் தங்கம் வென்றவர். எவ்வளவோ ஆபத்தான காட்சிகளைத் தானே செய்த கீட்டன் இங்கே இன்னொருவரை விட்டிருக்கிறார். மற்றபடி மைதானத்தில் விழுவதெல்லாம் அவரேதான். இவ்வளவு கச்சிதமாகத் தோற்க எவ்வளவு உடல் பயிற்சி வேண்டும் என்பது கட்டம் கட்டமாகப் பார்த்தால்தான் தெரிகிறது.

இசைக்குத் தம்பியின் மிருதங்கம் மட்டும். ஓட்டங்களுக்கு வாசித்தான், மற்ற இடங்களில் சும்மா இருந்தான்.

போன சனிக்கிழமை திரையிட்டோம். 21 நிமிடம் 40 விநாடி. பதினாறு பேர் வந்திருந்தார்கள். படத்தின் முடிவு விசித்திரமானது: இருவரும் தேவாலயத்திலிருந்து வெளியே வருகிறார்கள், அடுத்து குழந்தைகளோடு ஒரு வீடு, அடுத்து முதுமையில் சிடுசிடுக்கும் இருவர், அடுத்து பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கல்லறைகள். எல்லாம் சில விநாடிகளில். அங்கே கார்டும் வைக்கவில்லை, மிருதங்கமும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். எதிர்வீட்டுப் பையன்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டி மட்டும் "ஏன் படிக்கிறதை நிறுத்திட்டே?" என்று கேட்டார். அம்மா அவர் காதருகே குனிந்து, "ரெண்டு பேரும் ஒண்ணாவே இருந்துட்டாங்கம்மா" என்றார்.

நான் எழுதாத கார்டு அது. அப்படியே சேர்க்கலாமா, அம்மாவின் வாயிலேயே விட்டுவிடலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்கு முன் முதல்வரின் கார்டை இரண்டு விநாடி நீட்ட வேண்டும், அதை யாருமே முழுதாகப் படிக்கவில்லை.