சத்தம் போடாத டெலிரியம்: நான் கோட்டைவிட்ட கேஸும் படித்த விதமும்

நர்சிங் இறுதியாண்டு வைவாவில் (வாய்மொழித் தேர்வு) டெலிரியம், அதாவது உடல்நலக் கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பம், எத்தனை வகை என்று கேட்டார்கள். ஹைப்பர்ஆக்டிவ் (பதற்றமாகக் கத்துவது), ஹைப்போஆக்டிவ் (சோர்ந்து அடங்கிக் கிடப்பது), மிக்ஸ்டு (இரண்டும் மாறி மாறி வருவது) என்று கடகடவென்று சொல்லிவிட்டேன். "சரி, இரண்டாவது வகையை வார்டில் பார்த்திருக்கிறாயா?" என்றார் மேடம். இல்லை என்று சொன்ன பிறகுதான் அந்தப் பாட்டி நினைவுக்கு வந்தார்.

ஆர்த்தோ வார்டில் இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். மூன்றாம் நாள் கூப்பிட்டால் கண் திறப்பார், ஒரு வார்த்தை சொல்வார், மறுபடி மூடிக்கொள்வார். ட்ரிப்பைப் பிடுங்கவில்லை, கட்டிலை விட்டு இறங்கவில்லை, அதனால் "தொந்தரவு இல்லாத பேஷன்ட்" என்று டியூட்டி மாற்றும்போது நானே சொன்னேன். மகள்தான் "அம்மா இப்படி இருக்கவே மாட்டாங்க சிஸ்டர், நேத்து சாயங்காலம்கூட பேரனைப் பத்திப் பேசிட்டு இருந்தாங்க" என்று இரண்டு தடவை சொன்னார். வலி மருந்தின் மயக்கம் என்று விட்டுவிட்டோம். மறுநாள் டாக்டர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது சிறுநீர் அடைத்து உப்பியிருந்தது, ரத்தத்தில் சோடியமும் குறைவு. இரண்டையும் சரிசெய்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி பேச ஆரம்பித்தார்.

வகைகளை மனப்பாடம் செய்வதைவிட, 1990-இல் ஷரோன் இனூயே குழுவினர் வெளியிட்ட, டெலிரியத்தைக் கண்டறியும் கேம் (CAM) முறையை முதலில் படியுங்கள். திடீரென்று வந்து ஏறி இறங்கும் மாற்றம், கவனம் நிற்காமை, இந்த இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். கூடவே பேச்சில் குழப்பமோ விழிப்புநிலையில் மாறுபாடோ ஒன்று இருந்தால் டெலிரியம். கவனத்தைச் சோதிக்க ஆங்கில மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்கிறது புத்தகம், ஆனால் நம் ஊர்ப் பாட்டிகளிடம் ஞாயிறு, சனி, வெள்ளி என்று கிழமைகளைத் தலைகீழாகக் கேட்பதுதான் எனக்கு வேலை செய்தது. டிமென்ஷியா (மறதி நோய்) மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும், இது மணிக்கணக்கில், நாள்கணக்கில் வரும், எனவே வீட்டாரிடம் "எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்காமல் எதையும் முடிவுசெய்யாதீர்கள்.

ஹைப்பர்ஆக்டிவ் வகைக்கு உதாரணமாக, குடிப்பழக்கத்தைத் திடீரென்று நிறுத்துவதால் வரும் டெலிரியம் ட்ரெமன்ஸை எழுதலாம். கடைசியாகக் குடித்து 48 முதல் 96 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வரும். கால் முறிந்து அட்மிட் ஆனவர் மூன்றாம் நாள் கை நடுங்கி, வேர்த்து, பூச்சி ஊர்கிறது என்று போர்வையைத் தட்டுவார். முதல் நாளே குடிப்பழக்கத்தைக் கேட்டிருந்தால் முன்கூட்டியே தயாராக இருந்திருக்கலாம். இங்கே லோராசிபாம் போன்ற அமைதிப்படுத்தும் மருந்துதான் முதன்மை, தயமினை (வைட்டமின் பி1) மறக்கக் கூடாது. மற்ற டெலிரியங்களில் அதே மருந்து குழப்பத்தை அதிகமாக்கிவிடும் என்பதால் இந்த வித்தியாசத்தைத் தேர்வில் கட்டாயம் எழுதுங்கள். சிகிச்சை என்றதும் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தில் தொடங்காமல் தொற்று, ஆக்சிஜன், சர்க்கரை, உப்பு, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று காரணங்களை முதலில் எழுதுங்கள், அப்புறம் கண்ணாடியும் காது மெஷினும் நோயாளியிடம் இருக்கிறதா என்று பார்ப்பதும் சிகிச்சைதான்.

மிக்ஸ்டு வகை காலை ரவுண்ட்ஸில் பிடிபடாது. இரவெல்லாம் கத்தியவர் காலையில் தூங்கி வழிவார், நடுவில் ஒரு மணி நேரம் தெளிவாகவும் பேசுவார். அதனால் கேஸ் ஷீட்டில் வகையை எழுதுவதற்கு முன் நைட் டியூட்டி நோட்ஸைப் படித்துவிடுங்கள்.