பழைய எனாமல் போர்டுக்கு நீலம் கூட்டிய அனுபவம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடை ஒன்றில் வாங்கிய தேயிலை விளம்பர எனாமல் போர்டு ஒன்றைச் சில மாதங்களாகச் செப்பனிட்டு வருகிறேன். அடர்நீலப் பின்னணியில் வெள்ளைத் தமிழ் எழுத்துகளும், ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடும் கொண்ட பலகை அது. திருகு துளைகளைச் சுற்றியும் கீழ் மூலையிலும் எனாமல் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து, உள்ளிருந்த தகடு துருவேறியிருந்தது. எழுத்துகளில் சேதம் மிகக் குறைவு என்பதால்தான் விலையே பேசினேன்.

எனாமல் என்பது கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டின்மேல் படியவைத்து, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கிப் பிடிக்கச் செய்த பூச்சு. நிறங்கள் தனித்தனியே பூசிச் சுடப்பட்டிருப்பதால் எழுத்தின் விளிம்பை நகத்தால் தடவி உணர முடிகிறது. துருவேறிய பழந்தகட்டை மறுபடியும் சூளையில் வைத்தால் நன்றாக இருக்கும் பகுதியும் வெடித்துப் பெயரக்கூடும் என்பதால், பெயர்ந்த இடத்தை மட்டும் பெயின்டால் நிரப்புவது என்று முடிவு செய்தேன்.

பழைய எனாமலில் ஈயமும் காட்மியமும் இருக்க வாய்ப்புண்டு. ஆகவே தூசி பறக்காதபடி வாட்டர் பேப்பரை நனைத்தே துருவைத் தேய்த்தேன். பிறகு டானிக் அமிலக் கரைசலைத் துருவின்மேல் மட்டும் தடவ, அது கறுத்து இறுகியது. (செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சில் சேரும் கடுக்காயிலும் இந்தத் துவர்ப்புப் பொருள்தான் இருக்கிறது, கடுக்காய்ச் சாறு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும் என்பது மை காய்ச்சியவர்கள் அறிந்ததே.) அதன்மேல் பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் ஒரு பூச்சு, பிற்காலத்தில் யாராவது என் வேலையை நீக்க விரும்பினால் அசிட்டோனால் அது கரைந்துவிடும். பள்ளத்தை எபாக்சி பட்டி பார்த்துச் சமப்படுத்தினேன். இதுவரை பொறுமை மட்டுமே தேவைப்பட்டது.

நீலம் அப்படியில்லை. தாலோ நீலம் என்ற செயற்கை நிறமி கொண்ட அக்ரிலிக் பெயின்டில் சிறிது கறுப்புக் கலந்து, முகப்புத் திண்ணையின் காலை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது நிறம் அச்சாகப் பொருந்தியது. அதையே இரவில் குண்டு பல்பின் கீழ் பார்த்தால், பலகை லேசாக ஊதா நோக்கிச் சாய, என் கலவை பச்சை நோக்கிச் சாய்ந்து தனித்துத் தெரிந்தது. பலகையின் நீலம் கோபால்ட் ஆக்சைடிலிருந்து வருவது. கோபால்ட் ஏறிய கண்ணாடி மஞ்சளையும் ஆரஞ்சையும் விழுங்கினாலும் நிறமாலையின் கடைக்கோடிச் சிவப்பை விட்டுவிடுகிறது. தாலோ நீலமோ அந்தச் சிவப்பையும் விழுங்கிவிடும். பகலில் மறைந்திருக்கும் இந்த வேறுபாடு, சிவப்பு மிகுந்த பல்பு வெளிச்சத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. பலகையை மாட்டப்போவது வீட்டின் திறந்த முற்றமுள்ள வளவில், அங்கே பகலில் வானத்து வெளிச்சமும் இரவில் பல்பும் மாறி மாறி விழும் என்பதால், இரண்டிலும் பொருந்தும் கலவையே எனக்கு வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு டியூபின் பெயரைப் பார்க்காமல் அதிலுள்ள நிறமி எண்ணைப் (நீல நிறமிக்கு பி.பி., சிவப்புக்கு பி.ஆர். என்று தொடங்கும்) பார்த்து வாங்கத் தொடங்கினேன். பி.பி.15 என்றால் தாலோ, பி.பி.29 அல்ட்ராமரின், பி.பி.28 அசல் கோபால்ட் நீலம். மலிவான டியூபில் ‘கோபால்ட்’ என்று எழுதியிருந்தாலும் உள்ளே வேறு நிறமிகள் இருப்பதுண்டு. பி.பி.28 விலை கூடியது, ஆழமும் போதாது. ஆனால் அல்ட்ராமரினை அடிப்படையாக வைத்து அதில் இதைச் சேர்த்து, கறுப்பு ஒரு பொட்டு விட்டபோது இரு வெளிச்சத்திலும் வேறுபாடு ஏறக்குறைய மறைந்தது.

நிறம் பொருந்திய பிறகும் ஒட்டு தட்டையாகவே தெரிந்தது, ஏனெனில் கண்ணாடிப் பூச்சுக்குள் ஒளி சற்று இறங்கித் திரும்புகிறது, பெயின்ட் அதை மேலேயே நிறுத்திவிடுகிறது. ஆகவே அடியில் கருநீலத்தை அடர்த்தியாகப் பூசி, அதன்மேல் வார்னிஷில் கரைத்த அல்ட்ராமரினை மிக மெல்லிய அடுக்குகளாக ஏற்றினேன். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கருமையாகிவிடும், பளபளப்பு இல்லாவிட்டால் அதே நிறம் வெளிறித் தோன்றும். இந்த இரண்டும் சேர்ந்து கண்ணை ஏமாற்றுவதால், ஒவ்வொரு கலவையையும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் தடவி, காயவிட்டு, வார்னிஷ் பூசி, பெயர்ந்த இடத்தை ஒட்டியே வைத்துப் பார்த்தேன். பலகையின் நடுப்பகுதியோடு ஒப்பிடுவதில் பயனில்லை. வெயிலும் மழையும் பட்ட ஓரத்தில் பளபளப்பே வேறு.

வெள்ளையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டியூபிலிருந்து வரும் வெள்ளை இதற்கு மிகத் தூய்மையானது. காவி மஞ்சளும் கறுப்பும் ஊசிமுனையளவு சேர்த்தால் போதும். எண்ணெய் எனாமல் வெள்ளையைத் தவிர்த்தேன், அது நாளடைவில் மஞ்சளாகும்.

கீழ் மூலையின் சிவப்புக் கோடு மட்டும் இன்னும் பாக்கி. அதற்கு பி.ஆர்.108 காட்மியம் சிவப்பு வாங்கி வைத்திருக்கிறேன். கோட்டின் அகலம் மாறாமல் இழுக்க நீண்ட மயிருள்ள தூரிகை ஒன்று கிடைக்க வேண்டும்.