கொடுக்கும் கை: ரங்கூன் நாட்குறிப்பு

மார்ச் 19

காலையில் அப்பாவின் இரத்த அழுத்தம் 168. தம்பியிடமிருந்து செய்தி இல்லை.

மார்ச் 21

அப்பாவைப் பார்க்க வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. மொகல் தெருப் பெரியம்மா இடியாப்பம் கொண்டுவந்தார். காளி கோயிலிலிருந்து பிரசாதம் வந்தது. நாங்கள் எல்லாரும் ‘அப்வா’ என்று அழைக்கும் கீழ்வீட்டு பர்மியப் பாட்டி, வாழைத்தண்டு போட்ட மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸை ஒரு தூக்கு நிறையக் கொடுத்தனுப்பினார். கைகூப்ப முயன்ற அப்பா, வலக்கை எழும்பாததால் இடக்கையை மட்டும் நெஞ்சருகே வைத்தார். எல்லாரும் போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மனுவோ கடிதமோ எழுத யார் வந்து நின்றாலும் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தே பழகியவர் அவர். வாங்கிக்கொள்வது ஒன்றே வேலையாகிப்போனதுதான் நோயைவிட அவரை அதிகமாக வருத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 22

நள்ளிரவில் மின்சாரம் வந்தபோது விழித்துக்கொண்டு படித்தேன். அமெரிக்காவில் ஸ்டெஃபனி பிரவுன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், 423 முதிய தம்பதியரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வு அது. உறவினருக்கும் நண்பருக்கும் அண்டை வீட்டாருக்கும் உதவியவர்களும், துணைவருக்கு ஆறுதலாக இருந்தவர்களும் அந்த ஆண்டுகளில் இறந்துபோவது குறைவாக இருந்திருக்கிறது. உதவி பெற்றுக்கொண்டவர்களிடம் அந்தப் பயன் தெரியவில்லை. உடம்பு நன்றாக இருப்பவர்களால்தானே பிறருக்கு உதவ முடியும் என்று நானே எதிர்வாதம் செய்து பார்த்தேன். உடல்நிலையையும் கணக்கில் சேர்த்த பிறகே அந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அப்படியானால், அன்பு என்ற பெயரில் நாங்கள் அப்பாவிடமிருந்து ஒவ்வொரு வேலையாகப் பிடுங்கிக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

மார்ச் 24

172. எதுவும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 27

வாசல் மண்பானைக்குத் தண்ணீர் நிரப்பும் பொறுப்பை அப்பாவிடம் கொடுத்தேன். தூக்க முடியாதுதான், ஆனால் நாற்காலியில் அமர்ந்தபடி, நான் ஊற்றும்போது அளவு பார்க்கவும், குவளையைக் கழுவிக் கவிழ்க்கவும், பானையை மூடவும் இடக்கை போதும். சைக்கா என்ற மிதிவண்டி ரிக்‌ஷா ஓட்டுபவர் ஒருவர் நின்று இரண்டு குவளை குடித்துவிட்டு, தலையில் சுற்றியிருந்த துண்டையும் நனைத்துக்கொண்டு போனார். அப்பா அவர் தெருமுனை திரும்பும் வரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஊரில் வீட்டுக்கு வீடு, மரத்துக்கு மரம் இப்படிப் பானை வைத்திருப்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உலகக் கொடைக் குறியீட்டில் பர்மா 2014இல் அமெரிக்காவுடன் சேர்ந்தும், அடுத்த மூன்று ஆண்டுகள் தனித்தும் முதலிடம் பெற்றது. பணம் கொடுத்தல், அறியாதவருக்கு உதவுதல், நேரம் ஒதுக்கித் தொண்டு செய்தல் ஆகிய மூன்றையும் கொண்டு அப்போது தயாரிக்கப்பட்ட பட்டியல் அது. வசதியில்லாத ஒரு நாடு அந்த இடத்தில் நின்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மார்ச் 30

ஆஷ்லி வில்லன்ஸ் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வைப் படித்ததிலிருந்து மனம் அதையே சுற்றி வருகிறது. இரத்த அழுத்தம் உள்ள முதியவர்களுக்கு வாரம் 40 டாலர் வீதம் மூன்று வாரங்கள் கொடுத்து, சிலரைத் தமக்காகவும் சிலரைப் பிறருக்காகவும் செலவிடச் சொல்லியிருக்கிறார்கள். பிறருக்காகச் செலவிட்டவர்களின் அழுத்தம் குறைந்திருக்கிறது. சிறிய ஆய்வுதான். அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர் யாராவது இருந்தால் நான் காலில் விழுந்து தடுப்பேன். மாத்திரையும் இருக்கட்டும், அதனுடன் இதுவும் இருக்கட்டும்.

தம்பியிடமிருந்து செய்தி இல்லை.

ஏப்ரல் 3

உறவுக்காரர் ஒருவர் வந்து, மகள் என்றால் தன் சாப்பாட்டையும் தூக்கத்தையும் மறந்து தகப்பனுக்குச் செய்ய வேண்டும் என்று ஒரு மணி நேரம் உபதேசம் செய்தார். அவர் போன பின் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது என் கை இறுகியது. அதை அப்பாவும் உணர்ந்தார். நெட்டா வைன்ஸ்டைனும் ரிச்சர்ட் ரையனும் 2010இல் எழுதியது நினைவுக்கு வந்தது. தானாக விரும்பிச் செய்த உதவி, செய்தவரின் மனநிலையையும் உயர்த்தியது, பெற்றவரையும் மகிழ்வித்தது. பிறர் வற்புறுத்தலால் செய்த உதவியில் அந்தப் பலன் இல்லை. ஒருவரைக் கடமை சொல்லி அடித்து அன்பு கறக்க முடியாது. நாளை மதியம் பெரியம்மாவை வரச் சொல்லிவிட்டு நான் இரண்டு மணி நேரம் தூங்கப் போகிறேன்.

ஏப்ரல் 4

தூங்கினேன். மாலையில் ஊட்டியது நானாகவே ஊட்டியது.

ஏப்ரல் 8

மேல்மாடியில் புதிதாகக் குடிவந்த பெண் யாருடனும் பேசுவதில்லை. சாம்பார் கொண்டுபோய்க் கொடுக்கலாமா, தவறாக எண்ணுவாளோ என்று மூன்றாம் நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2022இல் வெளியிட்ட ஆய்வில் சிகாகோவின் பனிச்சறுக்குத் திடல் ஒன்று வருகிறது. அங்கு அறியாதவர்களுக்குச் சூடான சாக்லேட் பானம் கொடுத்தவர்கள், வாங்கியவர் அடைந்த மகிழ்ச்சியைக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். கொடுப்பவர் பொருளின் அளவைப் பார்க்கிறார். பெறுபவருக்கோ ஒருவர் தன்னை நினைத்தார் என்பதே முதலில் தெரிகிறது. கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பெண் கதவைப் பாதி மட்டுமே திறந்தாள். பாத்திரத்தை வாங்கிய கைகள் நடுங்கின. அவளுடைய கணவரிடமிருந்தும் செய்தி இல்லையாம். வாசலிலேயே நெடுநேரம் நின்று பேசினோம்.

ஏப்ரல் 12

செய்தி இல்லை.

ஏப்ரல் 14

தண்ணீர்த் திருவிழாவுக்காக அப்வா வீட்டு முன்னால் பெரிய சட்டியில் மொன்லோன்யேபோ என்ற அரிசிமாவு உருண்டை வேகிறது. வருகிற போகிறவர் அனைவருக்கும் இலவசம். அப்பாவையும் நாற்காலியோடு இறக்கினோம். மாவை உள்ளங்கையில் தட்டி அப்வா நீட்ட, பனைவெல்லத் துண்டை இடக்கையின் இரு விரலால் எடுத்து அதன் நடுவில் வைப்பது அப்பாவின் வேலை. முதலில் துண்டுகள் நழுவி விழுந்தன. பிறகு பிடி கிடைத்தது. வெந்து மேலே மிதந்தவற்றைத் தேங்காய்த் துருவலில் போட்டு, இலையில் வைத்து மேல்மாடிப் பெண் பரிமாறினாள். உருண்டைக்குள் வெல்லம் இல்லை என்று ஒரு சிறுவன் முறையிட, அப்பா அவனைப் பக்கத்தில் அழைத்து இரண்டு துண்டு வெல்லத்தைக் கையில் கொடுத்துச் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது இதுவே முதல் முறை.

ஏப்ரல் 18

154. மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றியதால் இருக்கலாம், வெயில் சற்றுத் தணிந்ததால் இருக்கலாம். வெல்லத் துண்டுகளுக்கும் இதில் பங்கில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரல் 21

மேல்மாடிப் பெண் அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுத வேண்டும் என்று வந்தாள். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நீண்ட நேரம் பிடித்தது; தேதியை எந்தப் பக்கத்தில் போட வேண்டும், யாரை முதலில் விளிக்க வேண்டும் என்பதில் பழைய கண்டிப்பு அப்படியே இருந்தது. முதல் பத்தி பிடிக்கவில்லை என்று இரண்டு முறை அடித்து எழுதச் சொன்னார். மீதியை நாளை காலை ஏழு மணிக்கு எழுத வேண்டும், நல்ல தாள் வாங்கி வை என்று உத்தரவு.