மூன்று நிமிடம் ஒன்பது விநாடி

டயர் ஸ்ட்ரெயிட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' ஆல்பம் எங்கள் திருச்சி வீட்டுக்குள் கேசட்டாகத்தான் நுழைந்தது. 1987-இல் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தார். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. அதில் 'வொய் வொரி' என்றொரு பாடல். பாடும் குரல் ஓய்ந்த பிறகும் பாட்டு முடியாது. கிட்டாரும் கீபோர்டும் ஒன்றுக்கொன்று வழிவிட்டபடி நெடுநேரம் போய்க்கொண்டே இருக்கும். மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்து, அந்தக் கடைசிப் பகுதிக்காகவே காத்திருப்பேன். பெரும்பாலும் அது முடிவதற்குள் தூங்கிவிடுவேன்.

போன மாதம் அதே ஆல்பத்தின் 1985-ஆம் ஆண்டு அமெரிக்க எல்பி இசைத்தட்டு ஒன்று சென்னையில் கிடைத்தது. "இதுதான் அனலாக் ஒலி, மேடம். டிஜிட்டலில் இந்த உயிர் வராது" என்றார் விற்றவர். இசைத்தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பாடல் பதிந்த பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்கும் முன் உள்ள வெற்று வளையத்தில் 'ஆர்எல்' என்று கையால் கீறிய எழுத்துகள் இருந்தன. மாஸ்டர்டிஸ்க் ஸ்டூடியோவில் பாப் (ராபர்ட்) லட்விக் மாஸ்டரிங், அதாவது இறுதி ஒலிச் சீரமைப்பு, செய்த தட்டு என்பதற்கு அடையாளம் அது. பேரம் பேசத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து ஊசியை இறக்கினேன். ஒலி மிக நன்றாக இருந்தது. முதல் பக்கத்தின் ஐந்தாவது பாடலாக 'வொய் வொரி' வந்தது. குரல் ஓய்ந்தது. கிட்டார் மேலெழுந்த சற்று நேரத்திலேயே எல்லாம் மங்கி மறைந்துவிட்டது. கீறலில் ஊசி தாவிவிட்டதோ என்று மறுபடி வைத்துப் பார்த்தேன். தட்டில் குறையே இல்லை. எல்பியில் அந்தப் பாடலின் நீளம் 5:22. சிடியில் 8:31. கேசட்டிலும் முழு நீளம் இருந்ததால்தான் என் நினைவில் அந்த முடிவு அவ்வளவு நீண்டிருந்தது.

ஏன் வெட்டினார்கள்? எல்பியில் இடம் என்பது கண்ணால் பார்க்கக்கூடிய பொருள். பேஸ் கிட்டாரும் டிரம்மும் ஓங்கி ஒலிக்கும் இடத்தில் ஊசி ஓடும் பள்ளம் இரு பக்கமும் அகலமாக நெளியும். நெளிவு பெரிதானால் அடுத்த சுற்று தள்ளி ஓட வேண்டும். ஆக, சத்தத்தை உயர்த்தினால் நிமிடங்கள் குறையும். நிமிடங்களைக் கூட்டினால் சத்தமும் தாழ்சுருதியின் கனமும் குறையும். போதாததற்கு, தட்டின் உள்வட்டத்தை நெருங்க நெருங்க ஊசிக்கு அடியில் ஓடும் பள்ளத்தின் வேகமும் குறைந்துகொண்டே வருவதால் கூர்மையான ஒலிகள் மழுங்கும். சிடியில் இந்த ஆல்பம் சுமார் 55 நிமிடம். அதை ஒரே தட்டில் அடக்கியிருந்தால் எல்லாப் பாடலும் மெலிந்துபோயிருக்கும். எனவே முதல் பக்கத்தில் 'மனி ஃபார் நத்திங்' 8:26-இலிருந்து 7:04 ஆயிற்று, 'யுவர் லேட்டஸ்ட் டிரிக்' 6:33-இலிருந்து 4:46 ஆயிற்று. எல்பியின் மொத்த நீளம் 48 நிமிடத்துக்குள் வந்துவிட்டது. காரணம் புரிகிறது. ஆனாலும் எனக்குப் பிடித்த பகுதி போனது போனதுதான். பிற்காலத்தில் இரண்டு தட்டுகளாக வந்த பதிப்புகளில்தான் எல்பியிலும் முழுப் பாடல்கள் கிடைத்தன.

கடைக்காரர் சொன்ன 'அனலாக் ஒலி'யை, அதாவது எண்களாக மாற்றாமல் அலையாகவே பதிந்த ஒலியை, நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஆல்பம் டிஜிட்டலில் பதிவானது. கரீபியத் தீவான மான்செரட்டில் ஜார்ஜ் மார்ட்டின் நிறுவிய ஏர் ஸ்டூடியோவில், சோனியின் 24 டிராக் (தனித்தனி ஒலித்தடம்) டிஜிட்டல் கருவியில் குழுவின் தலைவர் மார்க் நாஃப்லரும் ஒலிப்பதிவாளர் நீல் டார்ஃப்ஸ்மனும் பதிவு செய்தார்கள். டிஜிட்டல் என்றாலும் கம்ப்யூட்டர் இல்லை; அதுவும் சுழலும் டேப்தான், எண்களைச் சுமக்கும் டேப். கோளாறான டேப்பால் சில பகுதிகள் பாழானதும் உண்டு. அந்த எண்கள் எனக்குப் பிடித்த எல்பிக்குள்ளும் இருக்கின்றன. தட்டில் நான் கேட்ட இதம், பதிவு அனலாக் என்பதால் வந்ததல்ல. எல்பிக்கென்று தாழ்சுருதியையும் கூர்மையையும் எவ்வளவு வைக்கலாம் என்று மாஸ்டரிங்கில் எடுத்த முடிவுகளும், தட்டில் பள்ளம் வெட்டும் முறையும், என் ஊசியும் சேர்ந்து தந்தது அது.

'மனி ஃபார் நத்திங்' கிட்டார் ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்குகளைச் சரியான இடத்தில் வைக்கும் முன்பே, ஒன்று தரையைப் பார்த்தபடியும் இன்னொன்று ஸ்பீக்கருக்கு நேராக இல்லாமலும் இருந்த நிலையில் கிடைத்த ஒலி அது. கேட்டவுடன் அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தக் கரகரப்பை டிஜிட்டல் டேப் கெடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

எனக்குக் கோபம் வருவது வேறிடத்தில். தொண்ணூறுகளுக்குப் பிறகு எத்தனையோ பழைய பாப் ஆல்பங்கள் சிடியில் மறுமாஸ்டரிங் ஆகி வந்தன. பலவற்றில் மென்மையான இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டத்துக்கு இழுத்துக் கத்த வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் அலைவடிவம் மலைத்தொடராக இருக்காது, செங்கல்லாக இருக்கும். 16 பிட் சிடியில் 96 டெசிபல் அளவுக்கு ஏற்ற இறக்கம் வைக்கலாம். எல்பியால் அவ்வளவு முடியாது. கிடைத்த அத்தனை இடத்தையும் மூலையில் சுருட்டிப் போட்டுவிட்டு, பழி முழுவதையும் டிஜிட்டல் மேல் விழவிடுகிறார்கள். அப்படிப்பட்ட சிடியைக் கேட்டு அலுத்தவர் எல்பியைத் தேடி ஓடுவதில் எனக்கு வியப்பே இல்லை. அவர் காது பொய் சொல்லவில்லை.

ஒப்பிடுவதானால் சத்தத்தை முதலில் சமப்படுத்துங்கள். சற்று உரக்க ஒலிப்பது எதுவானாலும் மேலானதாகத் தோன்றும். சென்ற ஞாயிறு என் மகன் சிடிக்கும் தட்டுக்கும் மாறி மாறித் திருப்பினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆல்பத்தின் கடைசிப் பாடலில் இடி முழக்கத்துக்குப் பிறகு கிட்டார் தனியே வரும் இடத்தில் தட்டையே தேர்ந்தெடுத்தேன். ஒரு முறை அல்ல, நான்கு முறையும். அந்தப் பாடலை இனி எல்பியில்தான் கேட்கப் போகிறேன்.

எல்பியின் உறைக்குள் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்: "முதல் பக்கம், ஐந்தாவது பாடல். 3 நிமிடம் 9 விநாடி குறைவு. சிடியைப் போடவும்."