குரோம்பேட்டையில் ஒரு சின்ன வாடகை வீடு

குரோம்பேட்டையில் முப்பது வருஷப் பழைய அடுக்குமாடி ஒன்றில் ஒரு பெட்ரூம் வீடு வாங்கி, பழுது பார்த்து, வாடகைக்கும் விட்டாயிற்று. வாடகை வருமானத்துக்காக நாங்கள் வாங்கிய முதல் வீடு.

பழைய ஃபிளாட்டில் நாம் காசு கொடுப்பது பெரும்பாலும் மண்ணுக்குத்தான். அதனால் தரகரிடம் நான் முதலில் கேட்டது, யூ.டி.எஸ்., அதாவது மனையில் அந்த வீட்டுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு, எத்தனை சதுர அடி என்று. மொத்தமே எட்டு வீடு என்பதால் நம் பங்கு நன்றாக வந்தது. அதே விலைக்கு நான் பார்த்த புது பிளாக்குகளில் இதில் பாதிகூட இல்லை. தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இந்த 9 சதவீதம் பொதுவாக வீட்டுக் கடனில் சேராது, கையிலிருந்துதான் போகும்.

அப்புறம் வேலை. பெட்ரூம் சுவரில் பெயிண்ட் பொரிந்து நின்றது, பட்டி பார்த்து அடித்தால் மறைந்துவிடும் என்றார் பெயிண்டர். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். தரையை உடைத்துப் பார்த்தால், உள்ளே நிரப்பியிருந்த செங்கல் துண்டெல்லாம் ஊறிப்போய், ஜி.ஐ. பைப் துருப்பிடித்து இணைப்புகளில் கசிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டு, துருப்பிடிக்காத சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் பூசி, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டு, கீழ் வீட்டுச் சீலிங்கில் ஈரம் இல்லை என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. "வாடகைக்கு விடுற வீடுதானே மேடம், எதுக்கு இவ்வளவு?" என்று மேஸ்திரி கேட்டார். வாடகைக்கு வருகிறவர்களும் குழந்தை குட்டியோடுதானே இருக்கப் போகிறார்கள், ஓதம் அடிக்கிற அறையில் அவர்களைத் தூங்க வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஒயரிங்கிலும் அப்படித்தான், பிளக் பாயிண்டுகளில் எர்த்தே இல்லை. முழுக்க மாற்றி, ஏ.சி.க்கும் கீசருக்கும் தனித்தனி லைன் இழுத்து, மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டேன். கிச்சனுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, மேடையும் சிங்க்கும் நன்றாகவே இருந்தன.

அட்வான்ஸ் பத்து மாதம் வாங்கு என்றார்கள் சுற்றி இருந்தவர்கள். 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைதான். நானும் மூன்றுதான் வாங்கினேன், ஒப்பந்தத்தையும் முறையாகப் பதிந்தாயிற்று. வருமான வரியில் வீட்டு வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு உண்டு, அதனால் வீட்டு வரி ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மொட்டை மாடி இன்னும் பாக்கி. எட்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது. என் பங்குப் பணத்தைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன், ஐப்பசி மழைக்குள் மற்றவர்களும் கொடுத்தால் தளம் போட்டுவிடலாம்.