தண்ணீர் நிற்கும் நேரம்

நவம்பர் 8
மழை. ஆறு தே தாரேக் பால் தேநீர் நிறத்தில் ஓடுகிறது. நானும் தம்பியும் ஆற்றில் இறக்கவேண்டிய கயாக் படகு இரண்டும் கொட்டகையிலேயே கிடக்கின்றன.

நவம்பர் 10
அம்மா முதலை என்கிறார், மாமா முதலை என்கிறார், தெலுக் இந்தான் சந்தையில் இறால் வாங்கப் போனால் அங்கேயும் முதலைப் பேச்சு. சரி, பேராக் ஆற்றில் முதலை உண்டு, யார் இல்லையென்றது? என் பயமெல்லாம் படகு ஜெட்டியில் கட்டிக்கிடக்கும் அந்த இரும்புச் சரக்குப் படகு, தொங்காங்தான். ஓட்டம் அதன் மூக்கில் மோதி அடியில் புகுந்து போகிறது. ஒரு தேங்காய் மட்டை உள்ளே போனது, எங்கே வெளிவந்தது என்றே தெரியவில்லை.

நவம்பர் 12
தீபாவளி. நாளை அமாவாசை, கடலோடு சேர்ந்து ஆற்றில் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. இறங்குகிற பேச்சே இல்லை. முறுக்கு மட்டும்.

நவம்பர் 15
தூக்கமில்லை. வற்றத்தில் தண்ணீர் கடல்முகத்துப் பாகான் டத்தோ பக்கம் போகும், அப்போது தொங்காங்குக்குக் கீழ்ப்பக்கம் இறங்கினால் ஆறே நம்மை அதை விட்டு விலக்கிவிடும். ஆனால் ஏற்றம் வந்தால் ஆறு திரும்பி மேலே ஓடுகிறது, அப்போது அதே இடம் நம்மை நேராக அதன் மேல் கொண்டுபோய்ச் சேர்க்கும், துடுப்பு கைக்குப் பழகுவதற்குள். ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு ஒருமுறை நல்ல பக்கம் கெட்ட பக்கமாகிறது, அதுவும் தினமும் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகிறது. கடலோர ஏற்ற வற்ற அட்டவணையை நம்பாதே, இங்கே பிந்தித்தான் வரும் என்கிறார் ஜெட்டி பாக்சிக், அந்த மலாய்ப் பெரியவர். ஈப்போ பக்கம் மழை கொட்டினால் கிந்தா ஆறும் வந்து சேரும், வற்றம் நீளும். தண்ணீர் நிற்கிற கொஞ்ச நேரத்தில் இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நவம்பர் 17
லைப் ஜாக்கெட்டைக் காலடியில் வைத்துக்கொண்டால் போதுமாம் தம்பிக்கு. கவிழ்ந்த பிறகு தண்ணீருக்குள் பக்கிள் தேடுவானா? சண்டை.

நவம்பர் 18
இன்னும் பேசவில்லை. ஒரு விசில் வாங்கி அவன் மேசையில் வைத்தேன்.

நவம்பர் 20
அஷ்டமி. அம்மாவுக்கு இன்று எதையும் தொடங்கக் கூடாது, ஆற்றுக்கோ அஷ்டமியை ஒட்டித்தான் ஓட்டம் தணிகிறது. தசமி வரை பொறுத்தால் இருவருக்கும் சரி.

மோதிவிட்டால் தொங்காங் பக்கமே சாய வேண்டும். பயத்தில் உடம்பு மறுபக்கம் சாயும், அந்தப் பக்கம்தான் ஓட்டம் ஏறிக் கவிழ்க்கும். தம்பியைச் சுவரோரம் முக்காலியில் உட்காரவைத்துத் தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தப்பான பக்கம், சிரிப்பு வேறு.

நவம்பர் 21
சாயங்காலம் அடைமழை.

நவம்பர் 22
தம்பி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே பசியாறுகிறான். பாக்சிக் கூப்பிட்டார், தொங்காங்கை ராத்திரி இடம் மாற்றிக் கட்டிவிட்டார்களாம். நாங்கள் இறங்கும் படிக்கட்டுக்கு மேல்பக்கமா கீழ்ப்பக்கமா என்று கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. போய்ப் பார்த்துவிட்டுத்தான்