சாய்த்து எழுதினால் ‘ண’ படுத்தும் பாடு

வண்டி ஸ்டிக்கருக்கும் கடை போர்டுக்கும் ஆகிற மாதிரி, தடிமனாக வலப்பக்கம் சாய்ந்த தமிழ் எழுத்துரு ஒன்றை ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு மென்பொருளில் வரைந்துகொண்டிருக்கிறேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும் ஆம்னி பஸ்களில் டிராவல்ஸ் பெயரைச் சாய்த்து எழுதியிருப்பார்களே, அந்த வேகம் வேண்டும். கூகுள் ஃபாண்ட்ஸில் ‘கவிவாணர்’ என்ற சாய்வெழுத்து இருக்கிறது. அழகுதான், ஆனால் அது கையெழுத்துச் சாயல். எனக்குத் தேவை முரட்டு எழுத்து.

நேராக வரைந்துவிட்டு 12 டிகிரி சாய்த்தால் போதாதா? ட, ப, ம, ய வரைக்கும் போதும். வளைவு வந்தால்தான் வம்பு. வலது மேல்பக்கமும் இடது கீழ்ப்பக்கமும் பருத்துவிடும், எதிர்மூலைகள் இளைத்துவிடும். ‘ண’-வில் இத்தனை சுழி இருப்பதால் எழுத்தே நசுங்கின மாதிரி ஆகிறது. அதை மட்டும் அகலமாக்கி, உள்கோடுகளை வெளிக்கோட்டைவிட மெலிதாகக் கையாலேயே வரைந்தேன். இ, ஞ இரண்டுக்கும் இதே வைத்தியம்.

கொம்பு இன்னொரு தலைவலி. தடிமன் கூடும்போது இரட்டைக்கொம்பின் மேல்சுழி அடைத்துக்கொண்டால் ‘சேலை’ என்பது ‘செலை’ ஆகிவிடும்; ஜவுளிக்கடைக்காரர் சும்மா விடுவாரா? அந்தச் சுழிக்குள் வெள்ளை தெரிந்தே ஆகவேண்டும் என்பதால் மொத்தத் தடிமனையே கொஞ்சம் குறைத்தேன்.

அப்புறம் புள்ளி. எழுத்து வரையும் 1000 யூனிட் கட்டத்தில் 700 உயரத்தில் வைத்த புள்ளி, இந்தச் சாய்வில் சுமார் 150 யூனிட் வலப்பக்கம் நகர்கிறது, முட்டை வடிவமும் ஆகிறது. கணக்குப்படி அதுதான் சரியான இடம், ஆனாலும் கண்ணுக்கு அடுத்த எழுத்தை நோக்கி ஓடுகிற மாதிரி இருக்கிறது. சற்றுப் பின்னுக்கு இழுத்து, முழு வட்டமாகவே வைத்துவிட்டேன்.

சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் ‘கண்ணன்’ என்று ரேடியம் ஸ்டிக்கர் வெட்டிப் பார்த்தோம். வெட்டிய தம்பி குனிந்தபடியே சொன்னார்: “ண உள்ள ஊசியே போவலணா.” சுழிக்குள் இருக்கும் துண்டை ஊசியால் கிளறி எடுக்கும்போது பக்கத்துக் கோடும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. ஃப்ளெக்ஸில் அச்சாகும்போது இந்தத் தொல்லை இல்லை. எனவே வெட்டுகிற வேலைக்கு இன்னும் திறந்த ‘ண’ ஒன்றைத் தனியாக வைக்கப்போகிறேன்.

இரண்டு மூன்று சொல்லுக்குத்தான் இது எடுபடும்: கடைப் பெயர், கிரிக்கெட் ஜெர்சி, தள்ளுபடி அறிவிப்பு. ஒரு பத்தியையே இதில் போட்டால் வரிகள் கறுப்புப் பட்டையாகிக் கண் வலிக்கிறது.

உகர, ஊகார வரிசையின் 36 வடிவங்களில் 34 இன்னும் பாக்கி. கு, கூ வரைந்தாயிற்று. ‘ணு’-வைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன்.